மகனே, புரொசஸரை மாற்றுமுன் மூடியைக் கழற்று

இன்னும் வந்து சேராத என் மகனுக்கு,

நீ இதைப் படிக்கும்போது வளர்ந்து, மீசை முளைத்து, எனக்கே புத்தி சொல்லத் தொடங்கியிருப்பாய். இதை எழுதும் எனக்கு இப்போது பதினேழு வயது. எனக்கும் மீசை முளைத்துவிட்டதாக நான் சொல்கிறேன், வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்வதாக இல்லை. கலியாணம் முடிக்காமல், காதலிக்கக்கூட ஓர் ஆள் கிடைக்காமல் மகனுக்குக் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. குற்றம் என்னுடையதல்ல. நான் ஏதாவது குறும்பு செய்தவுடன் அம்மா சொல்லுகிற வசனம் ஒன்று இருக்கிறது: "உனக்கும் உன்ன மாதிரியே ஒண்டு வந்து பிறக்கும். அப்ப விளங்கும் மனே." இதை அவர் சொல்லும் உறுதியைப் பார்த்தால் உன் வருகை முடிவாகிவிட்டது போலத்தான் இருக்கிறது. வரப்போகிறவனுக்கு நாலு வார்த்தை எழுதி வைப்பதுதானே மரியாதை? நீ மகளாக வந்தால் மேலே 'மகனுக்கு' என்றிருப்பதை வெட்டி எழுதிக்கொள். மற்றதெல்லாம் உனக்கும் பொருந்தும்.

அவசரப்பட்டு இப்போதே எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பாமாருக்கு ஒரு வியாதி இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் தாங்களும் பிள்ளையாக இருந்தது மறந்துவிடும். என் அப்பாவுக்கு அது முற்றிவிட்டது. அவர் மட்டக்களப்பு கல்முனை பஸ் ஓட்டுகிறவர். வழியில் எந்த வளைவில் எந்தக் குழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பதினேழு வயதில் தான் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் மட்டும், "நான் படிச்சன்" என்று ஒரே வசனத்தில் பிரேக் போடுவார். எனக்கும் அந்த வியாதி வரத்தான் போகிறது. வந்தபின் எழுதினால் நானும் படித்துக்கொண்டே இருந்ததாகத்தான் எழுதுவேன். ஆகவே ஞாபகம் நல்லாக இருக்கும்போதே எழுதுகிறேன்.

நீ ஒருநாள் என் முன்னால் வந்து நின்று, இது பழசாகிப் போயிற்று, புதுசு வேண்டும் என்பாய். உன் காலத்தில் அந்தச் சாமானுக்கு என்ன பெயரோ தெரியாது. என் காலத்தில் அதன் பெயர் புரொசஸர். கம்பியூட்டரின் மூளை என்று வைத்துக்கொள். அதை மாற்றுவதா விடுவதா என்று நான் பட்ட பாட்டைச் சொன்னால், நீ வந்து நிற்கும் அன்றைக்கு நாம் இருவரும் கொஞ்சம் குறைவாகச் சண்டை பிடிக்கலாம்.

கல்லடியில் வாவிப் பக்கம் பார்த்த எங்கள் வீட்டு அறையில், யன்னலுக்குக் கீழே அந்தக் கம்பியூட்டர் இருக்கிறது. முதலில் அது அக்காவின் படிப்புக்காக வந்தது. அக்கா அதில் படித்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அது எனக்கு வந்தது, படிப்பு மட்டும் கூட வரவில்லை. கட்டார் நாட்டில் வேலை செய்யும் மாமா, அம்மாவின் தம்பி, போன முறை லீவில் வந்தபோது அதற்குள் பூட்ட, விளையாட்டுப் படங்களை ஓட்டும் நல்லதொரு கிராபிக்ஸ் காட் கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து நானும், காத்தான்குடி ரிப்கானும், அவன் வீட்டு ஒழுங்கையில் இருக்கும் பொடியன்கள் இரண்டு பேரும் ஒரு குழு. அவரவர் வீட்டிலிருந்து ஒரே விளையாட்டுக்குள் இறங்கிச் சண்டை போடுவோம். ரிப்கான்தான் தலைவன்.

கொஞ்ச நாளில் என் கம்பியூட்டர் இழுக்கத் தொடங்கியது. சும்மா நிற்கும்போது ஒழுங்காக நிற்கும். சண்டை தொடங்கினால் படம் நின்று நின்று வரும்; எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் பிரேம் விழுவது. விளையாட்டில் நான் ஒரு கதவைத் திறந்தால், கதவு திறந்து முடிய முதல் நான் செத்துப்போயிருப்பேன். ஒருநாள் ஆத்திரத்தில் "பிரேம் விழுது, பிரேம் விழுது" என்று கத்தியதில், அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து சுவரில் தொங்கும் கலியாணப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரிப்கான் வேறு ஹெட்போன் வழியாக என் காதுக்குள் கேட்டான்: "மச்சான், நீ விளையாடுறியா, போட்டோ எடுத்து அனுப்புறியா?" பள்ளி லீவுக்குள் ஒரு போட்டி வருகிறது. அதற்குள் இதைச் சரிப்பண்ணாவிட்டால் என் இடத்துக்குத் தன் சாச்சாவின் மகனை, அதாவது சித்தப்பா மகனை, போடப் போவதாகவும் சொல்லிவிட்டான்.

மகனே, இந்த இடத்தில் நான் செய்ததைக் கவனி. நான் வியாதியைப் பார்க்காமல் முதலில் மருந்தைத் தீர்மானித்தேன். புது கிராபிக்ஸ் காட்டுக்குப் பழைய புரொசஸர் ஈடுகொடுக்காது என்று சொல்லும் வீடியோக்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். சூட்டைப் பார், தூசைப் பார் என்று யாராவது தொடங்கினால் அந்த வீடியோவைத் தள்ளிவிட்டேன். வேண்டிய பதிலைச் சொல்லுகிறவர்தான் எனக்கு நிபுணர். என்னிடம் இருந்த புரொசஸருக்குள் நாலு கோர், அதாவது நாலு குட்டி மூளை, வீடியோக்காரர் காட்டியது எட்டு கோர், நடுவில் இருந்தது அப்பாவிடம் வைக்கவேண்டிய ஒரு கோரிக்கை.

கோரிக்கைக்கும் நல்ல நேரம் கூடி வந்தது. மாமா மறுபடி லீவில் வரப்போவதாகப் போனில் சொன்னார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு வரவுக்கும் ஆளுக்கு ஒரு சாமான், அதற்குமேல் பெட்டியில் இடமில்லை. நான் புரொசஸர் என்றேன். அவர், கொப்பா ஓம் சொன்னால் கொண்டுவருகிறேன் என்றார். அப்பாவோ, காசு தொலைந்துபோயிற்று என்று டிக்கட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறுகிற பொடியனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, "பழுதெண்டா எனக்குக் காட்டு. கண்ணால கண்டா ஓம்" என்றார்.

அப்பா இப்படிச் சொன்னதற்கு நான்தான் காரணம். ரிமோட்டின் கண்ணில் டேப் ஒட்டி டீவி பழுது என்று அழவிட்டது, அரிசி வாளிக்குள் அலாரத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் ஏதோ பூச்சி கத்துகிறது என்று ஆளுக்கொரு மூலையில் தேடவிட்டது, எல்லாம் என் திருவிளையாடல்கள். ஆகவே வாய்ச்சொல் எடுபடாது, சாட்சி வேண்டும். சாட்சியை நானே தயாரிப்பதென்று முடிவு செய்தேன். அப்பா பின்னேரம் வேலையால் வருவதற்குள் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரெம் என்கிற நினைவகத் துண்டை மெல்ல உருவி விட்டால், பட்டனை அமத்தினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். "பாருங்க அப்பா, செத்துப் போச்சு" என்று முகத்தைத் தொங்கப்போட வேண்டியதுதான். முகத்தைத் தொங்கப்போடுவதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியும் விட்டேன்.

வாங்கின நாளிலிருந்து அந்த மூடியை எங்கள் வீட்டில் யாரும் கழற்றியதில்லை. கழற்றினேன். முதலில் வந்தது மணம். கோயில் கதவு திறந்தால் வருமே, அதே மணம். எட்டிப் பார்த்தால் உள்ளே எல்லாம் வெள்ளை. முன்னால் இருக்கும் விசிறிகளில் வெள்ளை, வயர்களில் வெள்ளை, புரொசஸருக்கு மேலே சூட்டை இழுத்து வெளியே விடும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ஓட்டையே தெரியாமல் ஒரு களி. விரலால் தொட்டேன். திருநீறு. சாம்பிராணிப் புகையின் பிசினும், வாவிக் காற்றின் ஈரமும் சேர்ந்து அதைப் பிசைந்து அப்பி வைத்திருந்தன. மதர்போட் முழுக்க மதர் போட்டது.

உனக்கு இதை விளக்க வேண்டும். அக்கா கம்பஸுக்கு எடுபட்டது அந்தக் கம்பியூட்டரின் கைராசி என்பது அம்மாவின் நம்பிக்கை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம் தணலில் சாம்பிராணி போட்டுப் புகையைப் பிள்ளையார் படத்துக்குக் காட்டிவிட்டு, அடுத்ததாக அம்மா கம்பியூட்டரிடம்தான் வருவார். முன்பக்க வலையில் மூன்று குறி திருநீறு இழுத்து, தட்டைக் கீழே பிடித்து, புகை நல்லாகப் படும்படி சுற்றுவார். அந்த நேரத்தில் நான் விளையாடிக்கொண்டிருப்பேன். "சாமி நேரம் மனே, கொஞ்சம் நிப்பாட்டன்" என்பார். நான் கதிரையோடு தள்ளி இருந்து இடம் கொடுப்பேனே தவிர நிப்பாட்ட மாட்டேன். உள்ளே விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும். அம்மா காட்டும் அத்தனையையும் அது மூக்கால் இழுத்துக்கொள்ளும். சூடு கூடினால் புரொசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். மூளையில் பிழையில்லை, மூச்சுத்தான் அடைத்திருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று தமிழ்ப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது அப்பா அறைக்குள் வந்துவிட்டார். ரெம் இன்னும் அதன் இடத்தில் இருந்தது. பழகி வைத்த முகம் மறந்துபோய் நான் உண்மையைச் சொன்னேன். அப்பா, புரொசஸர் பழுதில்லை, உள்ளே திருநீறு அடைத்திருக்கிறது, அதுதான் இழுக்கிறது என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு கொட்டினாய்?" என்றார்.

பொய் சொல்லி நம்பவைப்பதற்கு நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன், மகனே. உண்மையைச் சொல்லி நம்பவைப்பதற்கு என்னிடம் ஒரு ஆயத்தமும் இல்லை. அம்மாவில் பழியைப் போட நானே திருநீற்றுப் பையைக் கவிழ்த்துவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். சத்தியம் செய்தேன். போனமுறை செய்த சத்தியங்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினார். கடைசியில் அவரைப் பிடித்து இழுத்துப் பெட்டிக்கு முன்னால் இருத்தி, தகட்டிடுக்கில் இருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். மேலே வெள்ளை, அதற்குக் கீழே மண்ணிறம், அதற்கும் கீழே தார் போலக் கறுப்பு. ஒரு பின்னேரத்தில் கொட்டி இதைச் செய்ய முடியாது. அப்பா ஒரு துளி எடுத்து மணந்து பார்த்தார். பழக்கதோஷத்தில் நெற்றியில் பூசிக்கொண்டார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "கொம்மாட்ட ஆர் சொல்லுற?" என்று கேட்டார். அவர் என்னை நம்பிவிட்டார் என்று எனக்கு அதில்தான் தெரிந்தது.

அடுத்த நாள் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தேன். தெருவில் இருக்கும் டயர் கடையில் காற்றடிக்கும் குழாயால் ஊதச் சொன்னோம். விசிறிகள் காற்றில் சுற்றிப் பழுதாகாமல் இருக்க நான் பேனையை நடுவில் செருகிப் பிடித்துக்கொண்டேன். ஊதியதும் திருநீறு வெள்ளை மூட்டமாக எழும்பி எங்கள் மூன்று பேர் தலையிலும் இறங்கியது. டயர் கடைக்காரர் இருமிக்கொண்டே, "அண்ணன், இது கம்பியூட்டரா, மூலஸ்தானமா?" என்று கேட்டார். அப்பா, தனக்கு ஒன்றும் தெரியாது, பொடியன்ட சாமான் என்று முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். தகட்டுக்கும் புரொசஸருக்கும் நடுவில் பூசும் பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. அதற்குப் புதுப் பசை வாங்கி, ரிப்கான் போனில் சொல்லச் சொல்லப் பூசி மூடினேன்.

போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை. முந்தி மோட்டார் வள்ளம் வருவது போல உறுமினது இப்போது பூனை போல இருந்தது. அன்று பின்னேரமே குழுவோடு இறங்கினேன். படம் தண்ணீர் போல ஓடியது. கதவைத் திறந்தேன், திறந்தது. உள்ளே நின்றவனை நான் தெளிவாகக் கண்டேன், அவனும் என்னைத் தெளிவாகக் கண்டு தெளிவாகச் சுட்டான். மூன்று ஆட்டமும் தோல்வி. பிறகு ரிப்கான் மெதுவாக, "கம்பியூட்டர்ல இப்ப ஒரு பிழையும் இல்ல மச்சான்" என்றான். எனக்குக் காது சூடாகிவிட்டது. என் இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, "நீயே இரு. சாச்சாட மகன் இதவிட மோசம். ஆனா நாளையில இருந்து ஒழுங்காப் பழகு" என்றான்.

இடம் தப்பியது. ஆனால் புரொசஸர் ஆசை போகவில்லை. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். வீட்டில் உண்மை தெரிந்தது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும். அப்பா கண்ணால் கண்டது பழுதைத்தான், ஆகவே அவர் ஓம் சொன்ன மாதிரி ஆக்கிவிடலாம். மாமா கட்டாரில், அவருக்கு ஒன்றும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தாலே எட்டு கோரும் வீடு தேடி வரும். அப்பாவை நோட்டம் பார்த்தேன். அவர், "மாமா உன்னட்டத்தான் கேட்பார். நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஏசினாலாவது எதிர்த்துக் கதைத்திருக்கலாம்.

யோசித்தேன். புதுசு வந்தால் இன்னும் வேகம் கூடும், அது மெய். ஆனால் இருக்கிறதே இப்போது போதும் என்பதும் மெய். புதுசின் மூக்கிலும் அதே புகைதான் ஏறும், வருசம் திரும்பமுதல் அதுவும் இழுக்கும். இன்னொன்றையும் யோசித்தேன், அதை யாரிடமும் சொல்லிவிடாதே. எட்டு கோர் வந்தபிறகும் தோற்றால், தோற்றதற்குக் காரணம் நான் மட்டும்தான் என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். கொஞ்சம் பழசு கையில் இருப்பது ஒரு பாதுகாப்பு.

மாமா போனில் கூப்பிட்டார். புரொசஸர் வேண்டாம் என்றேன். "மருமகன், இதுக்குள்ள என்ன சுத்துமாத்து?" என்று கேட்டார். இல்லை மாமா, உண்மையாகவே வேண்டாம், சுத்தம் செய்தேன், இப்போது நல்லாக ஓடுகிறது என்றேன். அவர் நம்பாமல் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார். பிறகு, ஆளுக்கு ஒரு சாமான் சட்டம் அப்படியே இருக்கிறது, வேறு என்ன வேண்டும் என்றார். தூசு ஊதும் சின்ன மெசின் ஒன்று கேட்டேன். இவ்வளவுதானா என்று அவருக்கு இன்னும் சந்தேகம் கூடிவிட்டது.

மிச்சம் இருந்தது அம்மா. அப்பாவும் நானும் ஆளையாள் தள்ளிவிட்டோமே தவிர ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா ஏச மாட்டார். அதுதான் பயம். தட்டைப் பிள்ளையாரோடு நிறுத்திவிட்டு, வெள்ளிக்கு வெள்ளி அந்தப் பெட்டியைக் குற்றவாளி மாதிரிக் கடந்து போவார். அக்கா படித்து முடிக்கும் வரைக்கும் அவருக்கு அந்தப் புகை வேண்டும். எனக்கு அது கம்பியூட்டருக்குள் போகாமல் இருந்தால் போதும். இரண்டும் நடக்க ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு ஆட்டம் பாதியில் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் வெல்லுகிற மாதிரியும் இருக்கிறது. குசினியில் தணல் போடும் சத்தம் கேட்டது. விசிறி சுற்றினால்தானே புகையை இழுக்கும் என்று அப்போதுதான் மூளையில் பட்டது. ரிப்கானிடம் கொஞ்ச நேரம் ஆட்டத்தை நிப்பாட்டப் போகிறேன், சாமி நேரம் என்றேன். ஏசுவான் என்று பார்த்தேன். "எனக்குப் பகல் ஜும்மாத் தொழுகை, உனக்குப் பின்னேரம் சாம்பிராணி. போயிட்டு வா" என்றான். கம்பியூட்டரை முழுதாக நிப்பாட்டினேன். விசிறிகள் ஓய்ந்தன.

அம்மா தட்டோடு வந்தவர் கறுத்த திரையைக் கண்டு அப்படியே நின்றார். பழுதா மனே என்று கேட்டார். இல்லை, சாமி நேரம்தானே என்றேன். ஏதாவது விளையாட்டோ என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று குறி இழுத்தார், தட்டைக் கீழே பிடித்துச் சுற்றினார். புகை பெட்டியின் முகத்தில் பட்டு மேலே எழும்பி, யன்னலால் வாவிப் பக்கம் போனது. மிச்சத் திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டு, "இப்ப போட்டுப் பார். நல்லா ஓடும்" என்றார்.

முன் வலையைத் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டுப் பட்டனை அமத்தினேன். சத்தமில்லாமல் எழும்பி, படம் தண்ணீர் போல ஓடியது. அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

"கண்டியா?" என்றார்.

"ஓம்மா" என்றேன்.